ஐந்து சத்தமும் ஒரு கொம்பும்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். அவர் ஆண்ட நாட்டின் பெயரை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். இந்தக் கதையை எடுத்தாலே அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். பெயரையும் சொல்லி மானத்தை வாங்குவானேன்?

ராஜாவின் பெயர் வீரகேது. நல்ல மனிதர்தான். ஆனால் மத்தியானம் சாப்பிட்டு ஒரு நாழிகை கண்ணயராவிட்டால் நாடே அவருக்குப் பகை.

அந்த ஊரில் ஐந்து காவல்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம். பகைவர் வந்தால் கோட்டை வாசலில் கொம்பு ஊதுவார்கள். யானை அவிழ்த்துக்கொண்டால் கொட்டிலில் சேகண்டி அடிப்பார்கள். களஞ்சியத்தில் திருடன் என்றால் மணி, தீப்பிடித்தால் சங்கு, ஏரிக்கரை கசிந்தால் தமுக்கு. மணி கேட்டால் ஜனங்கள் தடியை எடுப்பார்கள். சங்கு கேட்டால் தண்ணீர்க் குடத்தைத் தூக்குவார்கள். தமுக்கு கேட்டால் மண்வெட்டியும் கூடையுமாக ஏரிக்கு ஓடுவார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. தாய்ப்பாலோடு வந்த பாடம்.

ஒரு நாள் மத்தியானம் மூன்று சத்தம் சேர்ந்து வந்தது. யானை சங்கிலியை அறுத்துக்கொண்டது, வைக்கோற்போர் பற்றிக்கொண்டது, களஞ்சியத்தில் ஒரு பெருச்சாளியைத் திருடன் என்று நினைத்து மணியடித்துவிட்டார்கள். ராஜா கண் சிவக்கச் சபைக்கு வந்தார்.

சபையில் குழைக்காதன் என்று ஒரு விகடகவி. ராஜா முகம் கோணினால் நேராக்குவதுதான் அவன் வேலை. அவன் எழுந்து, "மகாராஜா! அழுவதற்கும் சிரிப்பதற்கும் பசிக்குச் சோறு கேட்பதற்கும் மனிதனுக்கு ஒரு வாய்தான் கொடுத்தான் ஆண்டவன். நம் காவலுக்கு மட்டும் ஐந்து வாய் எதற்கு?" என்றான்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். தம் கையிலிருந்த தங்கக் காப்பைக் கழற்றி அவனுக்குப் போட்டார். சபையே சிரித்தது. கோட்டைப் படைக்குத் தலைவரான தண்டநாயகர் நாகதேவர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குக் குழைக்காதனைக் கண்டாலே ஆகாது. ஆனால் அந்தப் பேச்சில் தமக்கு ஒரு பெரிய பதவி ஒளிந்திருப்பதை அவர் மோப்பம் பிடித்துவிட்டார்.

"மகாராஜா, விகடகவி வேடிக்கையாகச் சொன்னாலும் விஷயம் உண்மை. ஐந்து காவலையும் ஒன்றாக்கி, ஒரே தலைமையின் கீழ் வைத்தால் நாடும் நிம்மதியாக இருக்கும், தங்கள் உறக்கமும் கெடாது" என்றார்.

மறுநாளே 'சர்வ காவல் இலாகா' பிறந்தது. தலைவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காவலர் அனைவருக்கும் ஒரே நிறத் தலைப்பாகை. எந்த ஆபத்துக்கும் ஒரே சத்தம், அதாவது நாகதேவரின் கோட்டைக் கொம்பு. மற்ற நான்கும் ஒழிக்கப்பட்டன. யாரும் ஒரே இடத்தில் வேர்விடக் கூடாது என்று ஆட்களையும் மாற்றினார்கள். யானைக் கொட்டிலில் இருந்தவன் களஞ்சியத்துக்குப் போனான். பதினெட்டு வருஷம் ஏரியைக் காத்த வேம்பன் அரண்மனை வாசலில் வருகிறவர் போகிறவருக்குக் கும்பிடு போட நின்றான். கோட்டை வாசல் காவலன் ஏரிக்கரைக்குப் போனான். அவன் என்ன செய்தான் தெரியுமா? பழக்கதோஷம்! தண்ணீருக்கு முதுகைக் காட்டி, சாலையைப் பார்த்து நின்றான், பகைவர் வருகிறார்களா என்று.

குழைக்காதன் காப்பைத் தடவிக்கொண்டு திரிந்தான். போகிற இடமெல்லாம் 'ஐந்து வாய்' பேச்சைச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். அவனும் சலிக்காமல் சொன்னான்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் பட்டப்பகலில் ஏரிக்கரை கசிந்தது. காவலன் சாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். காலில் ஈரம் பட்ட பிறகுதான் திரும்பினான். திரும்பியதும் சட்டப்படி கொம்பை ஊதினான்.

ஊர் கேட்டது. ஆனால் என்னவென்று கேட்டது? பகைவர் என்று பாதிப் பேர் கதவை அடைத்தார்கள். திருடன் என்று சிலர் தடியோடு களஞ்சியத்துக்கு ஓடினார்கள். நெருப்பு என்று நினைத்துக் குடம் நிறையத் தண்ணீரோடு வெள்ளத்துக்கு எதிரே ஓடியவர்களும் உண்டு. இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

நம் விகடகவி? யானை அவிழ்த்துக்கொண்டது என்று நினைத்துக் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டான்.

அரண்மனை வாசலில் நின்ற வேம்பன் ஏரிப்பக்கத்து வானம் கறுத்துக் கிடப்பதைப் பார்த்தான், உடைப்புதான் என்று புரிந்துகொண்டான். அதற்குமேல் அவனுக்குக் கும்பிடு போடக் கை எழவில்லை. ஒரே ஓட்டமாக ஓடி, கரைக்குக் கீழே இருந்த தன் வீட்டுப் பரணிலிருந்து பழைய தமுக்கை எடுத்துக்கொண்டு கரையேறி அடித்தான். அந்தச் சத்தம் கேட்டதுதான் தாமதம், அடைத்த கதவெல்லாம் திறந்தன. மண்வெட்டியும் கூடையுமாக ஊரே ஓடி வந்து உடைப்பை அடைத்தது. அதற்குள் குயவர் தெருவில் இடுப்பளவு தண்ணீர். சூளைக்குப் போகக் காத்திருந்த பானைகள் மறுபடி மண்ணாகிவிட்டன. மனித உயிர் ஒன்றும் போகவில்லை, அது தெய்வாதீனம். வேம்பனின் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறிவிட்டாள். அவன் தமுக்கு அடித்துக்கொண்டிருந்தபோது அவன் கண் முன்னாலேயே வீடும் இரண்டு கறவை மாடும் போயின.

மறுநாள் வேம்பனைக் கையைக் கட்டிச் சபையில் நிறுத்தினார் நாகதேவர். பழி தம்மேல் விழுமுன் யார் மேலாவது போட வேண்டுமே!

"மகாராஜா, இவன் உத்தரவின்றி நின்ற இடத்தை விட்டு ஓடினான். ஒழிக்கப்பட்ட தமுக்கை அடித்து இலாகாவின் ஒழுங்கைக் குலைத்தான். இந்த இரண்டு குற்றத்துக்கும் சட்டப்படி நாடு கடத்தல்தான் தண்டனை."

"நீ என்ன சொல்கிறாய்?" என்றார் ராஜா.

"என்னத்தச் சொல்ல சாமி," என்றான் வேம்பன். "தண்ணி வருதுன்னு கண்ணு சொல்லிச்சு. காலு ஓடிப்போச்சு. தப்புன்னா தப்புதான். பொண்டாட்டி புள்ளய மட்டும் இங்கயே விட்டுருங்க."

குழைக்காதனுக்குக் கையில் இருந்த காப்பு சுட்டது. வாயைத் திறக்காமல் இருந்தால் இவன் காடு மேடாய் அலைவான், நாம் காப்போடு உட்கார்ந்திருப்போம் என்று நினைத்தான். எழுந்தான்.

"மகாராஜா, குற்றம் இந்த மனிதனுடையது அல்ல. ஒன்றாக்கிய விதத்தில் இருக்கிறது."

நாகதேவருக்கு இது போதாதா? "ஒன்றாக்குவது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியாமல் பேசுகிறார் விகடகவி. அரண்மனையில் நீர்க்காரி முதல் நாவிதன் வரை எத்தனையோ வகை ஊழியர்கள். நாளை காலைக்குள் அவர்களை இவர் ஒரே இலாகாவாக்கிக் காட்டட்டும். முடியாவிட்டால் வேம்பனுக்கு வழித்துணையாக இவரும் போகட்டும்!"

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் விட மனம் வருமா? "நல்ல யோசனை. காவல் இலாகாவுக்கு என்ன சட்டமோ, அதே சட்டம். செய்து காட்டு, குழைக்காதா!"

"அப்படியே செய்கிறேன், மகாராஜா. ஒரு வரியையும் மாற்றமாட்டேன்."

மறுநாள் ராஜா சாப்பிட உட்கார்ந்தார். நாகதேவரும் உடன் இருந்தார். மூன்றாவது கவளத்தில் ஒரு மிளகாய் கடிபட்டது. கண்ணில் நீர், தொண்டையில் விக்கல். வழக்கமாகத் தண்ணீருக்கு ஒரு சின்ன வெள்ளி மணி உண்டு. தேடினார், காணோம். வெற்றிலை கேட்கத் தட்டும் கிண்ணியும் இல்லை, விசிறி கேட்கத் தட்டும் கோலும் இல்லை.

"ஒரே சத்தம்தான், மகாராஜா," என்றான் அருகில் நின்ற குழைக்காதன் பணிவாக. "கைதட்டலாம்."

தட்டினார்.

நாவிதன் கத்தியோடு வந்து ராஜாவின் மோவாயைப் பிடித்தான். மல்லன் ஒருவன் எண்ணெயோடு வந்து தோளைப் பிசைந்தான். பாடகர் பல்லவியைத் தொடங்கினார். பல்லக்குத் தூக்கிகள் பல்லக்கை எச்சில் இலைக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். பட்டப்பகலில் ஒருவன் தீவட்டியோடு நின்றான். தண்ணீர்ப் பானை அருகில் புதிதாக மாற்றப்பட்டிருந்தவன் பூக்கட்டுகிறவன். அவன் அவசர அவசரமாக ஒரு மாலை கட்டிக்கொண்டு வந்து ராஜாவின் கழுத்தில் போட்டான். ராஜா விக்கிக்கொண்டே மறுபடி தட்டினார். இன்னும் இரண்டு மாலை வந்தது.

நாகதேவர் என்ன செய்தார்? ஏதோ ஆபத்து என்று வாளை உருவிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தார். ராஜாவுக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்து நின்றார்.

அப்போது நந்தவனத்திலிருந்து ஒரு பெண் தலைதெறிக்க ஓடி வந்தாள். பழைய நீர்க்காரி செங்கமலம். முதல் நாள்தான் அவளைப் பூச்செடிக்கு மாற்றியிருந்தார்கள். நாவிதனை ஒரு தள்ளு தள்ளி, இடுப்பில் இடுக்கியிருந்த பழைய செம்பில் நீர் மொண்டு ராஜாவின் வாயில் ஊற்றினாள். "மெதுவா குடிங்க சாமி, மெதுவா. விக்கல் சத்தம் தோட்டம் வரைக்கும் கேக்குது, இத்தன பேரு நின்னு என்னத்தப் பாக்குறாங்க?" என்றாள்.

ராஜாவுக்கு மூச்சு வந்தது.

"இந்தப் பெண்ணைப் பிடியுங்கள்!" என்று கத்தினான் குழைக்காதன். "உத்தரவின்றி நின்ற இடத்தை விட்டு ஓடி வந்தாள். ஒழிக்கப்பட்ட செம்பை எடுத்து இலாகாவின் ஒழுங்கைக் குலைத்தாள். மகாராஜா, அதே சட்டம்! நாடு கடத்திவிடலாமா?"

ராஜா கழுத்தில் மூன்று மாலையும் தோளில் எண்ணெயுமாகத் தம்மைப் பார்த்தார். வாசலில் முதுகைக் காட்டி நின்ற நாகதேவரைப் பார்த்தார். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர், செங்கமலத்தின் கையில் இருந்த செம்பைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

"எனக்கு ஒரு விக்கல்," என்றார் மெல்ல. "அவனுக்கு வீடே போயிற்று. அவனைக் கையைக் கட்டி நிற்க வைத்தேன். எந்த முகத்தோடு இனி அவனைப் பார்ப்பேன்?"

"தாங்கள் சிரிக்க மட்டும்தான் செய்தீர்கள், மகாராஜா," என்றான் குழைக்காதன். "சொன்னவன் நான். கொம்பு ஊதியபோது கட்டிலுக்கு அடியில் கிடந்தவனும் நான். ஒரு வாய் போதும் என்று என் வாய்தான் சொன்னது. எனக்கு அந்த ஒன்றும் அதிகம்."

காப்பைக் கழற்றி ராஜாவின் காலடியில் வைத்தான். அந்தக் காப்பில்தான் வேம்பனுக்கு மறுபடி வீடு எழுந்தது. மாடும் வந்தது. குயவர் தெருவை அரண்மனையே சீர்செய்தது. சேகண்டியும் மணியும் சங்கும் தமுக்கும் அவரவர் கைக்குத் திரும்பின. நாகதேவர் அந்த மழைக்காலம் முடிய ஏரிக்கரையில் நிற்க வேண்டும், தண்ணீரைப் பார்த்தபடி.

குழைக்காதன் வேம்பனைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டான். வேம்பன் தரையைப் பார்த்தான்.

"எனக்கும்தான் வெக்கமா இருக்கு சாமி. நீங்க சொன்ன அந்த அஞ்சு வாய்ப் பேச்சு இருக்கே, அதக் கேட்டு நானும் என் பொண்டாட்டியும் ரெண்டு நாளு சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். இதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

ராஜா அவனை வெறுங்கையோடு விடவில்லை. சபையைக் கூட்டி, பிடியில் வெள்ளிப் பூண் போட்ட ஒரு மண்வெட்டியைப் பரிசாகக் கொடுத்தார். "அடுத்த முறை இதையும் எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்துவிடாதே" என்றார்.

கார்த்திகையில் மறுபடி தமுக்கு கேட்டது. தன் தெருவிலிருந்து முதலில் ஓடியவன் குழைக்காதன். மூச்சிரைக்கக் கரையேறி மண்ணை ஓங்கி ஓங்கி வெட்டினான். மண் நகரவே இல்லை.

"சாமி," என்றான் வேம்பன், தமுக்கை நிறுத்தாமல். "மம்பட்டியத் திருப்பிப் பிடிங்க."

கரை முழுதும் சிரித்தது. கிரீடமில்லாமல் தலையில் மண்கூடையோடு பின்னால் வந்து நின்ற வீரகேது மகாராஜாவும் சிரித்தார். குழைக்காதன் முகம் சிவந்து, தலையைக் குனிந்து, மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து வெட்டத் தொடங்கினான்.