பிரான்மலை மேடும் கருவாயனும்

சிங்கம்புணரியில் ஒரு ஸ்டுடியோ. குருவின் பெயர் அழகுமீனா. சீடரின் பெயர் பெரியகருப்பன். குருவைவிட சீடருக்கு இருபது வயது கூட. டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தவர். முழங்கால் மக்கர் பண்ணியதும் வண்டியை விற்றுவிட்டு, உட்கார்ந்து செய்கிற வேலையாக இருக்கட்டும் என்று கம்ப்யூட்டரில் படம் திருத்தக் கற்றுக்கொள்ள வந்தார்.

அவர் அவளைத் தாயி என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

வந்த புதிதில் சீடர் கேட்டார்.

"தாயி, படத்துக்குப் பக்கத்துல மேடு மேடா ஒண்ணு தெரியுதே, அது என்னது?"

"அது ஹிஸ்டோகிராம்ணே. படத்துல இருக்கிற கருப்பெல்லாம் இடது பக்கம் குவியும். வெள்ளையெல்லாம் வலது பக்கம். மத்ததெல்லாம் நடுவுல."

"மேடு எங்க இருந்தா நல்லது?"

அவள் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பதில் வருவதற்குள் பள்ளிக்கூட வேன் வந்துவிட்டது. ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் ரிப்பன் என்று ஓடினாள்.

பதிலைச் சீடர் தானே கண்டுபிடித்துக்கொண்டார். ஆட்டோ என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அமுக்கினால் மேடு நடுவுக்கு வந்து, ஊருக்குப் பக்கத்துப் பிரான்மலை மாதிரி உயர்ந்து, இரண்டு பக்கமும் சரிந்து அழகாக நின்றது. அன்றிலிருந்து எந்தப் படம் வந்தாலும் ஆட்டோ. கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூடக் குரூப் போட்டோ எல்லாம் பிரான்மலை.

யாரும் குறை சொல்லவில்லை. குருவும் ஒன்றும் சொல்லவில்லை.

மஞ்சுவிரட்டுக்கு முந்தின நாள் மதியம் பாண்டியம்மா வந்தாள். காளை வளர்க்கிறவள். காலையில் அடித்துக் கொடுத்த ஃப்ளெக்ஸ் பேனரை மேசைமேல் விரித்தாள்.

"இது யாரு வீட்டு மாடு?"

"உங்க மாடுதாம்மா," என்றார் பெரியகருப்பன்.

"எங்க மாடு காரி. அட்டக் கருப்பு. இது சாம்பக் கலர்ல நிக்குது. மயிலைக்காளை மாதிரி."

"படம் ரொம்ப இருட்டா இருந்துச்சு. நாந்தான் வெளிச்சம் போட்டேன்."

"படம் இருட்டா இல்ல. மாடே அப்படித்தான்."

சீடர் பேனரைக் கிட்டத்தில் இழுத்துப் பார்த்தார்.

"எங்க கொழுந்தன் என்ன சொல்லிக்கிட்டுத் திரியுறாரு தெரியுமா? பாண்டியம்மா காரியை வித்துப்புட்டா, கொட்டத்துல நிக்கிறது வேற மாடுங்கிறாரு. அந்த வாயை அடைக்கத்தான் ஊர் முகப்புல பேனர் கட்டுறேன். இதைக் கட்டினா அவரு சொன்னதுதான் நெசம்னு ஆயிரும். பொழுது சாயுறதுக்குள்ள எனக்குக் காரி வேணும்."

வாசலில் ஒரு குட்டியானை வண்டி நின்றது. அதற்குள் அவளுடைய காளை கருவாயன். மாட்டாஸ்பத்திரியில் காட்டிவிட்டு வருகிற வழி. பாண்டியம்மா பேனரைத் தூக்கிக்கொண்டு போய்க் காளைக்கு முன்னால் பிடித்தாள்.

கருவாயன் மோந்து பார்த்தது. ஓரத்தை ஒரு நக்கு நக்கியது. தின்னலாமா வேண்டாமா என்று யோசித்தது.

"பாத்தீங்களா, அதுக்கே தெரியல."

சீடர் குருவிடம் வந்தார்.

"மேடு நடுவுலதான் தாயி நின்னுச்சு. நல்லாப் பாத்துத்தான் குடுத்தேன்."

"இஸ்திரி வண்டில ஒரு தட்டுக் கரி வாங்கிட்டு வாங்கண்ணே. அப்படியே கடையில ஒரு பாக்கெட் கல்லுப்பு."

"மாட்டுக்கா?"

"வாங்கிட்டு வாங்க."

கரி வந்தது. உப்பு வந்தது. குரு கேமராவை எடுத்து, ஓரம் தெரியாமல் தட்டு நிறையக் கரியை ஒரு படம், தட்டு நிறைய உப்பை ஒரு படம் எடுத்தாள்.

"ரெண்டுக்கும் ஆட்டோ போடுங்க."

போட்டார். இரண்டு மேடும் நகர்ந்து நகர்ந்து நடுவுக்கு வந்தன. இரண்டு பிரான்மலை. திரையில் இந்தப் பக்கமும் சாம்பல், அந்தப் பக்கமும் சாம்பல்.

"இதுல எதை அண்ணே குழம்புல போடுறது?"

பாண்டியம்மா சிரித்துவிட்டாள். சீடருக்கும் சிரிப்பு வந்தது. பேனர் ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டார்.

"அப்ப ஆட்டோ பொய் சொல்லுதா?"

"அது பாவம்ணே. கரியவும் பாத்ததில்ல, உப்பையும் பாத்ததில்ல."

சீடர் ஆட்டோவை எடுத்துவிட்டார். இருட்டாக்கும் பட்டையைப் பிடித்து இடதுபக்கம் இழுத்தார். மேடு நகர்ந்தது. இன்னும் இழுத்தார். மேடு இடது சுவரில் போய் அப்பிக்கொண்டது.

"இந்தாங்கம்மா உங்க காரி."

பாண்டியம்மா திரைக்குக் கிட்ட வந்து பார்த்தாள்.

"திமில் எங்க?"

"இருக்கும்மா. கருப்புக்குள்ள இருக்கு."

"நாளைக்குத் திமிலைப் பிடிக்க வர்ற பயலுககிட்ட அப்படியே சொல்லிருங்க. மாடு நிம்மதியா வீடு வந்து சேரும்."

சீடர் குருவைத் திரும்பிப் பார்த்தார். அவள் மகளுடைய சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நடுவுல நின்னா சாம்பல்ங்கிற. இடது பக்கம் நின்னா திமிலைக் காணோம்ங்கிறாக. அப்ப மேடு எங்கதான் நிக்கணும் தாயி?"

"மாட்டைப் பாத்தீங்களா?"

"காலையில இருந்து அதைத்தானே பாத்துக்கிட்டு இருக்கேன்."

"படத்தைக் கேக்கல."

சீடர் நாற்காலியை விட்டு எழுந்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

வெயிலில் கருவாயன் நின்றது. கருப்புதான். ஆனால் திமிலின் உச்சியில் நல்லெண்ணெய் தடவினதுபோல் ஒரு மினுமினுப்பு. காதுக்குப் பின்னால் லேசாகச் செம்பட்டை. கொம்பு நுனியில் பாண்டியம்மா தடவியிருந்த எண்ணெயில் வெயில் ஒரு புள்ளியாக நின்றது. கண்ணோரம் வெள்ளை, நூல் அளவு.

அவர் இந்தப் பக்கமிருந்து பார்த்தார். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். கருவாயனும் அவரைப் பார்த்தது.

"என்ன, பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்குறீங்க," என்றாள் பாண்டியம்மா.

"கொஞ்சம் இருங்கம்மா."

உள்ளே வந்து உட்கார்ந்தார். கருப்பைக் கருப்பாக விட்டார். திமிலுக்கு மட்டும் கொஞ்சம் வெளிச்சம் ஏற்றினார். கொம்பு நுனியை ஏற்றினார். நடுவில் ஒருதடவை எழுந்து வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். மேடு இடது பக்கம் செங்குத்தாக நின்று, வலது பக்கம் மெலிசாக ஒரு வால் நீண்டது. மலை மாதிரியே இல்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

பின்கட்டு மெஷினில் பேனர் அடித்து வந்தது. சூடு ஆறுவதற்குள் பாண்டியம்மா அதைப் பிடுங்கிக்கொண்டு குட்டியானைக்கு ஓடினாள். காளைக்கு முன்னால் விரித்தாள்.

கருவாயன் அசை போடுவதை நிறுத்தியது.

ஒரு மூச்சு விட்டது. தலையைத் தாழ்த்தியது. முன்காலால் பலகையைப் பறண்டியது. கயிறு விறைத்தது. வண்டியே ஒரு குலுங்கு குலுங்கியது.

"ஏய், பொறுடா, அது நீதாண்டா," என்று பாண்டியம்மா பேனரை அவசரமாகச் சுருட்டினாள். சிரித்ததில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இதை எங்க கொழுந்தன் வீட்டுக்கு நேர் எதுக்க கட்டுறேன்ணே. காலையில கதவைத் தொறந்ததும் முழிக்கட்டும்."

குட்டியானை கிளம்பிப் போனது. அது திருப்பத்தில் மறைகிறவரை சீடர் வாசலிலேயே நின்றார். முகம் கொள்ளாத சிரிப்பு.

உள்ளே வந்து அடுத்த படத்தைத் திறந்தார். காதுகுத்துப் படம். மடியில் ஒரு கைக்குழந்தை, மொட்டைத்தலை நிறையச் சந்தனம். பக்கத்தில் வழக்கம்போல ஒரு மேடு.

கை பட்டென்று ஆட்டோவுக்குப் போனது. பாதியில் நின்றது.

"தாயி, இதுக்கு மேடு எங்க நிக்கணும்?"

கழுவிய டப்பாவைத் துடைத்துக்கொண்டே குரு கேட்டாள்.

"அந்தப் பிள்ளை வீடு எந்தத் தெருண்ணே?"

சீடர் செருப்பை மாட்டினார்.