மூச்சு வாங்கின பூரணம்

ஒரு ஊர்ல ஒரு சங்கு இருந்துச்சு. பொம்மைச் சங்கு இல்ல, உன் தலகாணி பெருசு இருக்கும். சங்கு இருந்தா ஊத ஒரு ஆள் வேணும்ல? அவ பேரு பூரணம். என்ன இன்பா, இப்பவே கொட்டாவியா? விடு, விடு. இதுவே கொட்டாவிக் கதைதான். பெரியம்மா சொல்லச் சொல்ல நீ ம் கொட்டணும், சரியா?

"ம்."

அது கடலோரத்து ஊரு. மார்கழி வந்தா கரையில பனி இறங்கிரும். பக்கத்துல நிக்கிற மாடு கூடத் தெரியாது, கழுத்து மணிதான் கிணிங் கிணிங்னு கேக்கும். மீன் பிடிக்கப் போன படகெல்லாம் விடியக்காலையில திரும்பும்போது, கரை எந்தப் பக்கம், பாறை எந்தப் பக்கம்னு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் பூரணம் கரையில நின்னு ஊதுவா. பூஊஊஊம். அந்தச் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டே படகெல்லாம் வந்து சேரும். அவ வீட்டுக்காரன் அஞ்சப்பனோட படகும் அதுல ஒண்ணு.

அப்போ ஒருநாள் ஊர்ப் பெரியவரு ஒருத்தரு, பாவம், நல்ல மனசோடதான், "பூரணம், உன் மூச்சை நம்பித்தாம்மா இந்த ஊரே இருக்கு"ன்னாரு. அன்னிக்குப் பிடிச்சது சனி. அதுவரைக்கும் மூச்சு அது பாட்டுக்கு வந்துச்சு, போச்சு. அப்புறம் இவ அதைக் காவல் காக்க ஆரம்பிச்சுட்டா. நெஞ்சு நிறைஞ்சுச்சா, அடி வரைக்கும் போச்சா, இது போதுமான்னு பார்க்கப் பார்க்க, மூச்சு பாதி வழியில நின்னுக்கிச்சு. உடனே ஆஆஆவ்னு ஒரு கொட்டாவி. அதுலயும் நிறையல. மறுபடியும் ஆஆஆவ்.

மீன் விக்கிறவங்க முன்னாடி விட்டாளா, வரிசையா அத்தனை பேரும் ஆஆவ். கூடைக்குப் பக்கத்துல உக்காந்திருந்த பூனையும் ஆவ். உன்னைப் பார்த்து எனக்கும் வருது, இரு. ஆஆ... எங்க விட்டேன்?

"பூனைகிட்ட."

ஆமா. அப்புறம் பூரணம் வைத்தியர்கிட்டப் போனா. அவரு நாடி பிடிச்சாரு, முதுகுல காதை வச்சுக் கேட்டாரு. "நெஞ்சுல ஒரு குறையும் இல்ல தாயி, பயம்தான் இருக்கு"ன்னு சுக்குக் கஷாயம் குடுத்து அனுப்பிட்டாரு. கஷாயம் மடக் மடக்னு உள்ள போச்சு. மூச்சு போகல.

அப்போ அவ, மேட்டுல காத்து நிறைய இருக்கும்னு மணல்மேட்டுல ஏறினா. வாயைப் பொளந்துக்கிட்டு ஹப் ஹப்னு அள்ளி அள்ளி முழுங்கினா. தலை கிர்ருனு சுத்துச்சு, விரலெல்லாம் சுருக் சுருக்னு குத்துச்சு. பயந்துபோய் இறங்கிட்டா.

அப்புறம் கடல்ல முங்கிச் சங்கு எடுக்கிறவன் ஒருத்தன்கிட்டக் கேட்டா. அவன், "மூச்சை இறுக்கிப் பிடிச்சு அடக்குக்கா, வழிக்கு வரும்"னான். அடக்கினா, அடக்கினா, கண்ணு பிதுங்குற வரைக்கும் அடக்கினா. கடைசியில அவன் மூஞ்சிக்கு நேரா ஆஆஆவ். அவனுக்கும் தொத்திக்கிச்சு, அன்னிக்கு அவன் கடல்ல இறங்கவே இல்ல. சிரிக்காத, கதையைக் கேளு.

"ம்."

அப்போ ஒரு விடியக்காலை பனி இறங்குச்சு பாரு, அப்படி ஒரு பனி. படகெல்லாம் கடல்ல. அஞ்சப்பனும் கடல்ல. பூரணம் சங்கைத் தூக்கினா. "நல்லா இழு பூரணம், நெஞ்சு நிறைய இழு"ன்னு கரையில அத்தனை பேரும் சொல்றாங்க. அவளும் இழுத்தா, அதுக்கு மேல இழுத்தா, கழுத்து வரைக்கும் இழுத்தா. ஊதினா புர்ர்ர்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்தப் பக்கம் பாறையில அலை தொம் தொம்னு மோதுது. அவளுக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துருச்சு.

அவ மாமியார் பக்கத்துல நின்னுச்சு. சிடுசிடுன்னு இருக்கிற கிழவி. மகன் கடல்ல மாட்டிக்கிட்டான்னு அதுக்கும் பயம். "ஏண்டி இப்படி மூச்சு வாங்குற?"

"வாங்கிக்கிட்டேதான் இருக்கேன் அத்தை. போதலையே."

"வாங்கினா மட்டும் போதுமா? வாங்கினதையெல்லாம் எங்கடி வைப்ப? மொதல்ல விடுடி."

பூரணம் அப்படியே நின்னா. ஆமா, எத்தனை நாளா வாங்கிக்கிட்டே இருக்கா. விட்டாளா? சங்கை இறக்கி வச்சா. வாயைக் குவிச்சு ஹூஊஊஊனு விட்டா. பழைய மூச்சு, பயந்த மூச்சு, பதுக்கி வச்ச மூச்சு எல்லாத்தையும், வயிறு முதுகோட ஒட்டுற வரைக்கும் மெதுவா விட்டா. விட்டுட்டு சும்மா இருந்தா. திரும்ப வருமா வராதான்னு ஒரு கணம் பயம்தான்.

வந்துச்சு. யாரும் கூப்பிடல, யாரும் இழுக்கல. அதுவா உள்ள வந்து, அடிவயிறு வரைக்கும் போய் உக்காந்துச்சு. அவ சங்கை எடுத்தா.

பூஊஊஊஊஊம்.

பனிக்குள்ள இருந்து சளக் சளக்னு துடுப்புச் சத்தம். ஒரு படகு வந்துச்சு. அப்புறம் ஒண்ணு. அப்புறம் ஒண்ணு. கடைசியா அஞ்சப்பன் இறங்கினான். ராத்திரி பூரா முழிச்சவன்ல, கரையில கால் வச்சதும் ஆஆஆவ்னு பெருசா ஒண்ணு விட்டான். பூரணத்துக்கும் வந்துச்சு. அவ தடுக்கல. ஆஆவ்னு விட்டு, ஹூஊனு நீளமா முடிச்சு, அவன் கையிலிருந்து வலையை வாங்கிக்கிட்டா. அப்புறமும் எப்பவாவது மூச்சு அடைக்கிற மாதிரி இருக்கும். "வந்துட்டியா, சரி, இருந்துட்டுப் போ"ன்னுட்டு விடுவா. அது கொஞ்ச நேரம் இருக்கும், போயிரும்.

இன்பா, ஒண்ணு கேக்கட்டா? காலையில இருந்து மூச்சு நிறையல, நிறையலன்னு அழுதியே. கதை கேட்ட நேரமெல்லாம் உன் மூச்சை யாருடி பார்த்துக்கிட்டா? நீயும் பார்க்கல, நானும் பார்க்கல. அது பாட்டுக்குப் போய்ப் போய் வந்துச்சு பாரு.

...

இன்பா?

சரி. படகும் கரைக்கு வந்துருச்சு, கதையும் கரையேறிருச்சு. தூங்கு தங்கம். அது வந்துக்கிட்டே இருக்கும்.