முள்ளாயியின் உப்பும் காரி சுற்றிய கல்லும்

காரி என்ற கருங்குரங்கும் முள்ளாயி என்ற முள்ளம்பன்றியும் ஆற்றங்கரை நாவல் மரம் ஒன்றில் குடியிருந்தார்கள். காரிக்கு மேல் கிளை. முள்ளாயிக்கு வேருக்கு அடியில் வளை.

காரி பழம் பறிக்கும்போது நாலைந்து பழங்களைக் கீழே தவறவிடுவான். அவை எப்போதும் வளை வாசலில்தான் தவறி விழும். முள்ளாயி கிழங்கு தோண்டினால் பாதியைக் கடிக்காமல் வேர்மேல் வைத்துவிட்டுப் போவாள். இதைப் பற்றி இருவரும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. பேச்சென்று தொடங்கினால் அவர்களுக்குள் சண்டைதான் வரும்.

ஒரு நாள் முள்ளாயி ஓர் உப்புக்கட்டியை மூக்கால் உருட்டிக்கொண்டு வந்தாள். வனக்காவலர்கள் மான்களுக்காக வைத்த பெரிய கட்டியிலிருந்து உடைந்த துண்டு அது. விளாம்பழம் அளவு இருந்தது. காரிக்கு நாக்கு ஊறியது.

“அக்கா, ஒரே ஒரு நக்கு நக்கிக்கிறேன்.”

“ஒரு நக்குன்னுதான் ஆரம்பிப்பே. அப்புறம் கட்டி இருக்காது. பழம் தீர்ந்து வெறும் இலையைத் தின்கிற காலம் வருமில்ல, அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து நக்கலாம்.”

அது வெயில் காலம். ஆற்றில் பாதம் நனையும் அளவுக்குத்தான் தண்ணீர் ஓடியது. ஆற்றின் நடுவே யானை படுத்திருப்பது போல ஒரு பாறை. அதன் உச்சியில் கிண்ணம் போல ஒரு குழி. முள்ளாயி கட்டியை அங்கே கொண்டுபோய் ஒளித்து வைத்தாள். ஒளித்தது காரியின் கிளையிலிருந்து நன்றாகவே தெரிந்தது. ஆனால் காரிக்குத் தண்ணீரில் கால் வைப்பதென்றால் உடம்பே கூசும். அவன் அந்தப் பக்கம் போகவில்லை.

அன்றிரவு மழை பெய்து குழி நிறைந்தது. காலையில் முள்ளாயி போய்ப் பார்த்தபோது கட்டி எலுமிச்சம்பழம் அளவுக்குச் சிறுத்திருந்தது. மறுநாள் காலையில் எதுவுமே இல்லை. தெளிந்த தண்ணீர் மட்டும் நின்றது.

அவள் நேரே மரத்தடிக்கு வந்தாள்.

“காரி, இறங்கி வா. உப்பு எங்கே?”

“எனக்கெப்படித் தெரியும்? நான் தண்ணியில கால் வைப்பேனா, அக்கா?”

“ஆசை வந்தா உங்க வம்சம் எதையும் தாண்டும். கேட்டிருந்தா நானே தந்திருப்பேன். திருடிட்டியே.”

“நான் எடுக்கலைங்க” என்றான் காரி.

இத்தனை வருடத்தில் அவன் அவளிடம் ‘ங்க’ போட்டுப் பேசியதே இல்லை. அவன் மேல் கிளைக்கு ஏறி இலைகளுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டான். அடுத்த இரண்டு நாள் வளை வாசலில் ஒரு பழமும் விழவில்லை. வேர்மேல் கிழங்கும் இல்லை.

மூன்றாம் நாள் மாலை முள்ளாயி மறுபடி பாறைக்குப் போனாள். குழியைச் சுற்றிச் சுற்றி மோந்து பார்த்தாள். காரியின் ரோமம் ஏதாவது அங்கே ஒட்டியிருக்கிறதா என்று அவள் தேடுவது கிளையில் இருந்த காரிக்குப் புரிந்தது. பார்க்கக் கூடாது என்று திரும்பிக்கொண்டான்.

அப்போதுதான் ஆற்றின் சத்தம் மாறியது. மலை உச்சியில் எங்கோ பெருமழை கொட்டியிருக்க வேண்டும். செம்மண் நிறத்தில் வெள்ளம் மரக்கட்டைகளைப் புரட்டிக்கொண்டு வந்தது. காரி திரும்பிப் பார்ப்பதற்குள் பாறையைச் சுற்றி எங்கும் தண்ணீர். நடுவில் முள்ளாயி.

காரிக்குக் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. கீழே குதித்தான். நீளமான கொடி ஒன்றைப் பிடுங்கி, ஒரு முனையை மரத்தின் வேரில் கட்டினான். மறுமுனையை வீசினான். அது லேசாக இருந்ததால் பாதி வழியிலேயே விழுந்து நனைந்தது. இழுத்தெடுத்து, அந்த முனையில் நடுவில் ஒடுங்கிய கல் ஒன்றை இறுக்கிக் கட்டினான். தலைக்கு மேல் வட்டமாகச் சுற்றினான். கல் முள்ளாயிக்கு நேரே வந்ததும் விட்டான்.

கல் முள்ளாயியிடம் போகவில்லை. வலப்பக்கம் பறந்து ஒரு புதருக்குள் விழுந்தது. புதருக்குள்ளிருந்து தவிட்டி என்ற காட்டுக்கோழி சிறகடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

காரி இன்னும் வேகமாகச் சுற்றினான். இன்னும் கவனமாக, முள்ளாயியையே பார்த்துக்கொண்டு விட்டான். கல் மறுபடியும் வலப்பக்கம்தான் போனது. மூன்றாம் முறையும் அப்படியே.

“அண்ணே,” என்றாள் தவிட்டி. “முள்ளாயி அக்கா உங்களுக்கு நேரா இருக்காங்க. நான் வலது கைப்பக்கம் இருக்கேன். மூணு தடவையும் கல்லு என்னைத்தான் தேடி வருது. என் மேல என்ன கோவம்?”

“நான் நேராத்தான் விடுறேன்.”

“விடுறப்ப கல்லு நேராத்தான் இருக்கு. போறதுதான் நேராப் போகலை.”

பாறையில் முள்ளாயி கத்திக் கத்தித் தொண்டை வறண்டு போயிருந்தாள். குழித் தண்ணீரில் வாய் வைத்தவள் சட்டென்று துப்பினாள். மறுபடி நக்கிப் பார்த்தாள். பிறகு கரையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“காரி, குழித் தண்ணி கரிக்குது. உப்பு எங்கேயும் போகலை. கண்ணுக்குத் தெரியாம தண்ணிக்குள்ளேயே கரைஞ்சு கிடக்கு. உன்னைப் போய்த் திருடன்னு சொல்லிட்டேன்.”

“அதை இப்பத்தான் சொல்லணுமா, அக்கா?”

“இப்பச் சொல்லாட்டி எப்பச் சொல்றது?”

வெள்ளம் பாறையின் பாதியைத் தாண்டியிருந்தது. காரிக்கு நாலாவது முறை உடனே வீசத் தோன்றியது. ஆனால் தவிட்டி சொன்னது காதில் நின்றது. வீசாமல் கல்லை மெதுவாகச் சுற்றினான். கொடி நனைந்திருந்ததால் கல்லிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் தெறித்தது. காரி அந்தத் துளிகளைப் பார்த்தான். கல் முன்னால் வரும்போது தெறித்த துளி வலப்பக்கம் போனது. கல் இடது தோளுக்கு நேரே வரும்போது தெறித்த துளி முன்னால், ஆற்றை நோக்கிப் போனது.

அவனுக்குப் புரிந்தது. கல்லை வட்டத்தில் பிடித்து வைத்திருப்பது கொடிதான். கொடியை விட்டால் வட்டமும் போய்விடும். விட்ட நொடியில் கல் எந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்ததோ, அந்தப் பக்கமே நேராகப் பறந்துவிடும்.

வேகமாகச் சுற்றினான். முள்ளாயியைப் பார்க்காமல் கல்லையே பார்த்தான். அவளைப் பார்க்காமல் இருப்பதுதான் அவனுக்குக் கடினமாக இருந்தது. கல் இடது தோளுக்கு நேரே வந்ததும் பிடியை விட்டான்.

கல் வெள்ளத்தைத் தாண்டிப் பாறையின் மேல் ‘ணங்’கென்று விழுந்தது.

“பல்லால கவ்விக்கோ. என்ன ஆனாலும் விடாதே.”

“வெள்ளம் அடிச்சிட்டுப் போயிட்டா?”

“போகாது. இந்தப் பக்கம் வேர்ல கட்டியிருக்கு. கொடி விறைப்பா இருக்கிற வரைக்கும் ஆறே உன்னை வளைச்சுக் கரைக்குக் கொண்டு வந்துடும்.”

முள்ளாயி கொடியைக் கவ்விக்கொண்டு வெள்ளத்தில் குதித்தாள். கொடி விண்ணென்று நின்றது. வெள்ளம் அவளைக் கீழ்நோக்கித் தள்ளியது. கொடி கரையை நோக்கி இழுத்தது. முளையில் கட்டிய ஆடு வளைந்து ஓடுவது போல, அவள் தண்ணீரில் அரைவட்டம் போட்டுக் கரையோர நாணலுக்கு வந்தாள். ஆனால் ஏற முடியவில்லை. கால்கள் சேற்றில் வழுக்கின.

காரி இடுப்பளவு தண்ணீரில் இறங்கியிருந்தான். இறங்கியது அவனுக்கே தெரியாது. கைக்கு அகப்பட்ட இடத்தில் பிடித்து அவளைக் கரையில் இழுத்துப் போட்டான். உள்ளங்கையில் இரண்டு முள் ஏறி ரத்தம் கசிந்தது.

“அங்க போய் ஏன்டா பிடிச்சே?” என்றாள் முள்ளாயி மூச்சு வாங்கிக்கொண்டே.

“உன் உடம்புல முள்ளு இல்லாத இடம் எது? முன்னாடியே சொல்லி வச்சிருக்கணும்.”

அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் பாறையை முழுதாக மூடியது. தவிட்டி ஆற்றோரம் போய் அலகை நனைத்துப் பார்த்தாள். “அவ்வளவு உப்பும் இதுலதானே கலந்துச்சு? ஒண்ணும் கரிக்கலையே.”

“ஆறு அவ்வளவு பெருசு” என்றான் காரி.

முள்ளாயி அவன் கையை இழுத்து வைத்துக்கொண்டு, முற்களைப் பல்லால் மெல்லப் பிடுங்கினாள். அவன் முனகியபோதெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பிடுங்கினாள்.

“ருசி பார்க்காமலே உன் மேல பழி போட்டுட்டேன்” என்றாள்.

“நானும்தான் கல்லைப் பார்க்காமலே மூணு தடவை வீசினேன்” என்றான் காரி.

கோபத்தில் இருந்தாலும் பாசத்தில் இருந்தாலும், கண்முன் நடப்பதை ஒரு நொடி நின்று கவனித்த பிறகே சொல்லையும் கல்லையும் விட வேண்டும்.