பூச்சி அரித்த வரி

தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற சூசைமாணிக்கத்துக்கு, தலை நரைத்த பிறகு ஒரு குரு வாய்த்தார். சிஸ்டர் ரெமிஜியா. வயதில் மகள் மாதிரி. ஆனால் எகிப்துக் கிறிஸ்தவர்களின் பழைய கோப்திய மொழி அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. பைபிளில் சேராமல் போன ஆதிக் கிறிஸ்தவ ஏடுகளைப் பற்றி இருவரும் ஒரு வலைப்பூ நடத்தினார்கள். சிஸ்டர் பாடம் சொல்வார், சார் தமிழில் எழுதிப் போடுவார். இதையெல்லாம் ஊரே திரண்டு வந்தா படிக்கப்போகிறது? ஏதோ நாலு பேர் படித்தார்கள்.

அந்த நாலு பேரில் ஒருத்தி எழுதியதைப் பார்த்துவிட்டுத்தான் சார் அன்று காலை வேர்க்க விறுவிறுக்கக் கான்வென்ட்டுக்கு ஓடிவந்தார்.

"மோசம் போயிட்டேன், சிஸ்டர்!"

"முதல்ல உக்காருங்க சார். என்னன்னு சொல்லுங்க."

சார் கைபேசியை நீட்டினார். மணப்பாட்டிலிருந்து மதலேன் என்பவள் எழுதியிருந்தாள். மகனைப் பறிகொடுத்தவள்.

'நீங்கள் தமிழில் போட்ட ஏட்டில் "முன்னே போன பிள்ளைகள் தனியாக இல்லை" என்ற வரியைப் படித்த அன்றுதான் ஐயா கண்ணை மூடித் தூங்கினேன். என் மகன் கல்லறையில் அதையே வெட்டச் சொல்லியிருக்கிறேன். நாளைக்குக் கல்லுக்காரர் வருகிறார்.' கீழே தன் எண்ணையும் போட்டிருந்தாள்.

"நல்லதுதானே சார்?"

"எங்க நல்லது? ஏட்டுல 'தனியாக'ங்கிற சொல்லே கிடையாதே!"

சிஸ்டர் ஏட்டின் படத்தைக் கணினியில் திறந்தார். அந்த இடத்தில் பூச்சி அரித்த ஓட்டைதான் இருந்தது. ஓட்டையை ஊகித்து நிரப்பலாம், தப்பில்லை. ஆனால் ஊகம் என்று தெரிய அதைச் சதுர அடைப்புக்குள் போடவேண்டும். இந்த வேலையின் நாணயமே அதுதான். 'தனியாக' என்று நிரப்பிய சார், பார்க்க அழகாயில்லை என்று அடைப்பைத் தூக்கிவிட்டிருந்தார்.

"'பசியாக இல்லை'ன்னும் இருந்திருக்கலாம். 'இங்கே இல்லை'ன்னும் இருந்திருக்கலாம்" என்றார் சிஸ்டர்.

"தெரியும் சிஸ்டர். உண்மையைச் சொன்னா அந்தப் பொண்ணு நொறுங்கிப் போயிரும். சொல்லலைன்னா என் பொய் கல்லுல ஏறிரும். நான் என்ன செய்யட்டும்?"

"அத்தனை சொல் இருக்கறப்ப நீங்க ஏன் 'தனியாக'ன்னு போட்டீங்க?"

பாவம் மனுஷன், இத்தனை வருஷமாக யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாததைச் சொன்னார்.

"எங்க மூத்த மக சின்ன வயசிலயே போயிட்டா, சிஸ்டர். தனியா அடுத்த அறைக்குக்கூடப் போகமாட்டா, அவ்வளவு பயம். அந்த ஓட்டையைப் பார்த்தப்ப எனக்கு வேற சொல்லே வரலை."

சிஸ்டர் மதலேனின் எண்ணை அழுத்திக் கைபேசியை அவர் கையில் வைத்தார்.

"ஏட்டுல இருக்கறது வெறும் ஓட்டைன்னு சொல்லுங்க. இப்ப என்கிட்டச் சொன்னதையும் சொல்லுங்க."

மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியது.

"பழைய ஏடு சொன்னதுன்னு நம்பித்தானே அவ தூங்கினா? நான் எழுதினதுன்னு தெரிஞ்சா அவளுக்கு என்ன மிஞ்சும், சிஸ்டர்?"

"அந்த ஏட்டை எழுதினவரு பிள்ளையைப் பறிகொடுத்தவரான்னு நமக்குத் தெரியாது, சார். உங்களைப் பத்தித் தெரியும்."