பேசாமல் தண்ணீர் பிடித்த காலை

மலாவி நாட்டுக் கிராமம் ஒன்றுக்கு ஒருவழியாக அடிபம்பு வந்தது. ஊர்த்தலைவர் மசாம்பா அதைத் தம் முற்றத்திலேயே போட வைத்துக்கொண்டார். ஆனால் விடிவதற்குள் பெண்கள் குடங்களோடு வந்து சிரித்துப் பேசிப் பாடியதில் அவர் தூக்கம் கெட்டது.

"நாளை முதல் ஒரு சத்தம் கேட்டாலும் பம்புக்குப் பூட்டு! பழைய குட்டைக்கே போங்கள்!" என்று கர்ஜித்தார்.

குட்டை என்றால் மாடுகளோடு பங்கு, பிள்ளைகளுக்குப் பேதி. பெண்கள் கலங்கினார்கள். தலைவர் வீட்டில் சோளம் இடிக்கும் தியாமிக்கே என்ற பெண் மட்டும் மண்டியிட்டு, "மூச்சுச் சத்தம்கூட வராது, தலைவரே," என்றாள்.

மறுநாள் பம்பின் கைப்பிடிக்கு எண்ணெய் போட்டாள். அழும் பிள்ளைகளுக்கு அவித்த மரவள்ளிக்கிழங்கு கொடுத்தாள். ஊரே வரிசையில் ஊமையாக நின்றது. அந்த அமைதியில், வீட்டுக்குள்ளிருந்து தலைவரின் மனைவி குரல் தெளிவாகக் கேட்டது.

"எடுத்துவைத்த கோழிக்காலைத் தின்றது யார்? பொய் சொல்லாதே, தாடியில் குழம்பு இருக்கிறது!"

"இனிமேல் எடுக்கமாட்டேன்மா," என்றது ஊரை நடுங்கவைக்கும் குரல். சரித்திர ஆசிரியர்கள் தலைவர்களின் முழக்கங்களை எழுதிவைக்கிறார்கள். இந்த 'மாட்டேன்மா'க்களை ஏனோ விட்டுவிடுகிறார்கள்.

மசாம்பா வெளியே ஓடிவந்தார். வரிசை முழுவதும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றது.

"ஏன் இப்படி நிற்கிறீர்கள்? பேசுங்களேன்! பாடுங்களேன்!"

"பூட்டிவிடுவீர்களே, தலைவரே," என்று தியாமிக்கே கிசுகிசுத்தாள். "நாங்கள் தினமும் இப்படியே இருந்துகொள்கிறோம்."

அவர் பூட்டையும் சாவியையும் அவள் கையில் திணித்தார். "இனி பம்பு உங்களுடையது. கொஞ்சம் உரக்கப் பாடு, தாயே!"

பாடினார்கள். தலைவரின் மனைவியும் குடத்தோடு வந்து சேர்ந்துகொண்டாள். அவள் குரல்தான் எல்லாவற்றையும் மிஞ்சியது.