ஈசான மூலைக்கு ஒரு ஸ்பீக்கர்

ஐந்து ஸ்பீக்கரும் இன்றைக்குள் பாடாவிட்டால் நாளை வேலைக்கு வர வேண்டாம் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். தங்கப்பழம் நான்கை மாட்டிவிட்டார். ஐந்தாவதோடு ஏணியில் ஏறியவரை மூன்றாம் முறையாக இறக்கினார், சாய்வு நாற்காலியில் புதைந்திருந்த ஓய்வுபெற்ற தாசில்தார்.

"வாஸ்துப்படி ஈசான மூலையில பாரமே இருக்கக் கூடாதுய்யா. ஆனா சத்தம் அங்கிருந்தும் வரணும்."

தங்கப்பழம் முழங்காலைத் தடவிக்கொண்டார். "இது ரெண்டு கிலோ பாரம்தாங்க, எடுத்துடறேன். அப்படியே நீங்களும் கொஞ்சம் எந்திரிங்க ஐயா."

"நான் எதுக்குய்யா?"

"நீங்க உக்காந்திருக்கிறதும் ஈசான மூலைதாங்க."

சமையலறையில் தாசில்தாரின் மனைவி சிரித்தார். "பதினாறு வருஷமா அங்கதான் உக்காந்திருக்கார்!"

தாசில்தார் அசையவில்லை. "சரி, மாட்டித் தொலை."

அவர் தலைக்கு மேலே தங்கப்பழம் நான்காம் முறையாக ஏறினார்.