அக்கரைக்கு அனுப்பியவர்

மாசானமுத்து ஆற்றங்கரை மடத்துக்கு வந்தபோது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. மடத்துச் சாமியோ அவரைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் காலில் விழுந்து, "என்னையும் சீடனா ஏத்துக்கிடணும்" என்று கேட்டார். சாமி அவரைத் தூக்கி நிறுத்தி, "சாப்பிட்டீங்களா?" என்றார்.

அவர் வந்த காரணம் சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரியும். அந்த ஐப்பசியில் அவருடைய ஒரே மகள் பேச்சியம்மாள், அக்கரையில் மேய்ந்துகொண்டிருந்த மாட்டை ஓட்டிவர ஆற்றில் இறங்கினாள். முழங்கால் அளவுத் தண்ணீர்தான். மலையில் எங்கோ கொட்டிய மழை, அவள் நடு ஆற்றில் நிற்கும்போது வெள்ளமாக வந்து அவளை இழுத்துக்கொண்டு போனது. "இருட்டுறதுக்குள்ள ஓட்டிட்டு வந்துரு தாயி" என்று சொல்லி அனுப்பியவர் மாசானமுத்து.

முதல் நாள் அவர் சாமியிடம் சொன்னது அவ்வளவுதான். அனுப்பினேன், போய்விட்டாள்.

கார்த்திகையில் மறுபடியும் சொன்னார். இந்த முறை, மலை அன்றைக்குக் கருத்துக் கிடந்தது என்றார். தையில் சொன்னபோது தண்ணீரும் கலங்கி வந்தது. கோடையில் சொன்னபோது, துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் வழக்கத்தைவிடச் சீக்கிரமே கரையேறிப் போயிருந்தார்கள். ஆடி பிறந்த பிறகு சொன்னதில், பேச்சி படித்துறையில் நின்று அப்பாவை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.

சாமி ஒவ்வொரு முறையும் குறுக்கே பேசாமல் கேட்டார்.

ஒருநாள் அடுப்புக்கு விறகு ஒடித்துக்கொண்டிருந்த மாசானமுத்து, கையிலிருந்ததைக் கீழே போட்டார்.

"இத்தனையும் தெரிஞ்சும் ஏன் சாமி அனுப்பினேன்?"

சாமி அவர் பக்கம் திரும்பினார்.

"என் வீட்டுக்காரி ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தாக்கூடத் தேவலை. நானேதான் கேட்டுக்கிட்டுக் கிடக்கேன். கண்ணிருந்தும் குருடனா நின்னுட்டேனே சாமி."

சாமி குனிந்து, கீழே கிடந்த விறகை எடுத்து அடுப்பில் வைத்தார்.

அடுத்த ஐப்பசியும் வந்தது. மழை விட்டிருந்த ஒரு பிற்பகலில் அக்கரையிலிருந்து ஒருவன் வாயருகே கையைக் குவித்துக் கத்தினான்.

"சாமி! உலகம்மைக்கு மூச்சு இழுத்துக்கிட்டிருக்கு. உங்க கையால ஒரு வாய் தண்ணி வேணுங்குது!"

உலகம்மை பல வருஷம் மடத்துக்குப் பூக்கட்டிக் கொடுத்தவள். பாலம் வழியாகச் சுற்றிப் போனால் பொழுது சாய்ந்துவிடும். சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படித்துறைக்கு வந்தார். மாசானமுத்து பின்னாலேயே ஓடிவந்தார். தண்ணீரில் கால் வைக்குமுன் சாமி திரும்பினார்.

"ஐயா, நீங்க இந்த ஆத்தோரம் பிறந்து வளர்ந்தவங்க. இறங்கலாமா?"

மாசானமுத்து ஒரு படி பின்வாங்கினார்.

"என்னையா கேக்கீங்க? என்கிட்டயா?"

"வேற யாரு இருக்கா இங்க?"

அவர் மலையைப் பார்த்தார். குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளினார், கீழே விட்டார். இன்னொரு கை அள்ளினார்.

"தெரியல சாமி."

"மலை கருத்திருக்கே?"

"ஐப்பசியில அது கருக்காத நாள் ஏது?"

"தண்ணி?"

"மாசம் பூராவும் இந்தக் கலங்கல்தான் போகும். இதை வச்சு என்னத்தச் சொல்ல? வெள்ளம் வரலாம், வராமலும் போகலாம். எனக்குத் தெரியல சாமி. சத்தியமாத் தெரியல."

"சரி" என்றார் சாமி. "தெரியலன்னு சொல்றீங்க. நான் நம்புறேன்."

அக்கரையில் அந்த ஆள் மறுபடியும் கூப்பிட்டான். சாமி இறங்கினார்.

மாசானமுத்து படியிலேயே நின்றார். பேச்சி போன நாளிலிருந்து அவர் அந்த ஆற்றில் கால் நனைத்ததில்லை. சாமி நாலெட்டு போனதும், ஏதோ பிடித்துத் தள்ளியதுபோல அவரும் இறங்கினார். வெள்ளம் வந்தால் முதலில் தன்மேல் மோதட்டும் என்று சாமிக்கு மேல்பக்கமாக நடந்தார். தண்ணீர் முழங்காலைத் தொட்டபோது சாமியின் மணிக்கட்டைப் பிடித்தார். கரையேறும்வரை விடவில்லை.

உலகம்மை சாமி கையால் தண்ணீர் குடித்தாள். அரை வாய் உள்ளே போனது, மீதி கடைவாயில் வழிந்தது. பொழுது சாய்வதற்குள் அடங்கிவிட்டாள். காரியங்களுக்காக இருவரும் அங்கேயே தங்கினார்கள்.

மறுநாள் காலை ஆற்றங்கரைக்கு வந்தார்கள். ஆறு நேற்றுப் போலவே போய்க்கொண்டிருந்தது. ஒரு விரற்கடைகூட ஏறியிருக்கவில்லை.

மாசானமுத்து குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளிப் பார்த்தார்.

"ஒண்ணும் நடக்கல சாமி."

"ஆமா."

"நேத்து உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

"ஆகியிருந்தா, எல்லாம் நேத்தே தெரிஞ்சிருந்ததுன்னு இன்னைக்குச் சொல்லிக்கிட்டிருப்பீங்க."

மாசானமுத்து ஈரமணலில் உட்கார்ந்து, மகளின் பெயரைச் சொல்லி அழுதார். சாமியும் பக்கத்தில் உட்கார்ந்தார்.